வீட்டுத்திட்டம் தந்த வீடும் கடனும்
குறைந்த வருமானமுள்ள குடும்பங்கள் கடன் தள்ளுபடி கேட்பது எப்படி?

ஓலைக் கொட்டிலிலும் தகரக் கொட்டகையிலும் ஆண்டுக்கணக்காக வாழ்ந்த எமது குடும்பங்களுக்குக் கல்வீடு என்பது வெறும் கல்லும் சீமெந்தும் அல்ல. இடம்பெயர்ந்து, முகாம்களில் வரிசையில் நின்று, திரும்பி வந்து பற்றை வெட்டித் துப்புரவாக்கிய காணியில், "இனி நாம் இங்கேதான்" என்று சொல்லும் அடையாளம் அது. ஆனால் அந்த வீட்டைக் கட்டி முடிக்கப் பட்ட கடன், பல குடும்பங்களை அதே வீட்டில் நிம்மதியாக உறங்க விடவில்லை. கிழமைக் கடன்காரர் வரும் நாளில் வீட்டைப் பூட்டிவிட்டு வயலுக்குப் போகும் தாய்மாரை நாம் எல்லோரும் அறிவோம்.

இக்கட்டுரையில் மூன்று கேள்விகளை ஆராய்வோம். கடன் எப்படி வந்தது? அதை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு? வருமானம் குறைந்த குடும்பம் அதை எப்படிக் கேட்க வேண்டும்? மாதர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர்கள் தத்தம் கடன் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது நல்லது.

கடன் எப்படி வந்தது?

போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் நடந்த மிகப் பெரிய வீட்டுத்திட்டம் இந்திய அரசின் உதவித் திட்டமாகும். 2010 இல் 50,000 வீடுகள் என அறிவிக்கப்பட்டது. 2012 ஒக்டோபரில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில், உரிமையாளரே நின்று வீட்டைக் கட்டும் முறை கையாளப்பட்டது. ஒரு புதிய வீட்டுக்கு ரூபா 550,000 வழங்கப்பட்டது. அது கடன் அல்ல, மானியம். திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. பணம் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே நேராக வந்தது. இவையெல்லாம் நல்ல அம்சங்கள்.

அப்படியானால் கடன் எங்கிருந்து வந்தது? பணம் தவணை தவணையாகவே வந்தது. ஒரு படி வேலை முடிந்து, அலுவலர் வந்து பார்த்த பின்னரே அடுத்த தவணை கிடைக்கும். அந்தப் படியை முடிக்கக் கையில் காசில்லாத குடும்பம் என்ன செய்யும்? ஹாட்வெயார் கடையில் சீமெந்தும் கம்பியும் கடனுக்கு எடுக்கும். ஊர் முழுவதும் ஒரே காலத்தில் வீடு கட்டியதால் மணலுக்கும் மேசனுக்கும் விலை ஏறியது. வீட்டில் ஆண் துணை இல்லாத பெண்களும் முதியோரும் ஒவ்வொரு வேலைக்கும் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. சிலர் திட்டத்தில் சொன்ன 550 சதுர அடிக்கு மேலாக, பிள்ளையின் சீதனத்தையும் மனதில் வைத்துப் பெரிதாக அத்திவாரம் போட்டதும் உண்மை.

இன்னொரு வகைக் குடும்பங்களும் உண்டு. தேசிய வீடமைப்பு அதிகார சபையினூடாக 2018, 2019 ஆம் ஆண்டுகளில் தொடங்கப்பட்ட திட்டங்களில் முதல் தவணைகளைப் பெற்றவர்கள் இவர்கள். 2019 நவம்பரில் ஆட்சி மாறிய பின்னர் அடுத்த தவணைகள் நின்றுபோக, பலர் அரைகுறைச் சுவர்களுடனும் கடை பாக்கியுடனும் விடப்பட்டார்கள்.

கணக்காகப் பார்ப்போம். உதாரணத்துக்கு ஒரு வீட்டை முடிக்க ரூபா 750,000 சென்றது என்று வைத்துக்கொள்வோம். மானியம் 550,000. குறை 200,000. அதை அந்தக் குடும்பம் இப்படி நிரப்பியது:

ஹாட்வெயார் கடை பாக்கி - 70,000
முதல் நுண்கடன் - 60,000
இரண்டாம் நுண்கடன் - 40,000
நகை அடகு - 30,000

60,000 ரூபா நுண்கடனுக்குக் கிழமைக்கு 1,500 ரூபா வீதம் 52 கிழமை கட்டினால் மொத்தம் 78,000. வட்டி 18,000 தான், அதாவது 30 சதவீதம் என்று சொல்வார்கள். ஆனால் கிழமைதோறும் முதலும் குறைந்துகொண்டே போகிறது. ஆண்டு முழுவதையும் சராசரி பார்த்தால் உங்கள் கையில் இருந்தது ஏறக்குறைய 30,000 ரூபா மட்டுமே. ஆகவே உண்மையான வட்டி, சொன்ன வட்டியின் இரு மடங்கை அண்டுகிறது. நெல் விற்ற காசு போகத்துக்கு ஒரு முறை வரும். தவணையோ கிழமைக்கு ஒரு முறை வரும். இந்தப் பொருத்தமின்மையே முதற் கடனைக் கட்ட இரண்டாம் கடனையும், இரண்டாவதைக் கட்ட மூன்றாவதையும் எடுக்க வைத்தது.

யார் விட்டுக்கொடுக்க முடியும்?

"எங்கள் கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் எவரும் பதில் சொல்லமாட்டார். கடனை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் அந்தக் கடன் யாருக்குச் சேர வேண்டுமோ அவருக்கே உண்டு. அல்லது அவருக்குரிய பணத்தை வேறொருவர், உதாரணமாக அரசு, கொடுத்துத் தீர்க்க வேண்டும். ஆகவே முதல் வேலை, ஒரே வீட்டின் கடனைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே உரியவரின் பெயரை எழுதுவதாகும்.

1. வீடமைப்பு அதிகார சபையின் பணம்: உங்களிடம் உள்ள ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். அதில் இருப்பது மானியமா, கடனா? அதிகார சபை இரண்டையும் வழங்கி வந்துள்ளது. மானியமானால் நீங்கள் கடனாளி அல்ல. நின்றுபோன தவணையைக் கேட்கும் உரிமையாளர். கடனானால் தவணையை மாற்றவும் வட்டியைக் குறைக்கவும் மாவட்ட அலுவலகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். ஒப்பந்தப் பிரதி இல்லாவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். தமிழிலேயே எழுதலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.

2. நிதி நிறுவனத்தின் நுண்கடன்: அந்த நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் பெற்றதா என்று பாருங்கள். பெற்றதானால், முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டு, தீர்வு கிடைக்காவிடின் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புப் பிரிவுக்கு முறையிடலாம்.

3. கடை பாக்கி: இங்கே எதிரே இருப்பவர் ஊர்க் கடைக்காரர். அவரும் மொத்த வியாபாரிக்குக் கடன்பட்டவரே. இதற்கு உகந்த இடம் மத்தியஸ்த சபை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இச்சபையில் சட்டத்தரணிகள் தோன்றுவதில்லை. இரு பக்கமும் மனமொத்தால் மட்டுமே இணக்கம். ஒப்பமிடும்படி எவரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

4. காணியை ஈடு வைத்துத் தனியாரிடம் வாங்கிய கடன்: இதுவே மிக ஆபத்தானது. "பேருக்குத்தான் எழுதுகிறோம், காசைத் தந்ததும் திருப்பித் தருவோம்" என்று சொல்லி, மீட்கும் நிபந்தனையுடன் காணியை எழுதி வாங்குவார்கள். தவணை தப்பினால் வீட்டுத்திட்ட வீடும் காணியோடு சேர்ந்து போய்விடும். இவ்வகைக் கடனுக்காகவே 1941 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கடன் இணக்க சபை அமைக்கப்பட்டது. உறுதியில் எழுதிய மீட்புத் தவணை முடிந்தபின் போய்ப் பயனில்லை. பல மாதங்கள் முந்தியே விண்ணப்பிக்க வேண்டும்.

5. நகை அடகு: இதில் தள்ளுபடிக்கு இடம் மிகக் குறைவு. தவணைக்கு முன் வட்டியையாவது கட்டி அடகைப் புதுப்பித்தால் நகை ஏலத்துக்குப் போகாமல் காக்கலாம்.

2018 இல் கற்ற பாடம்

எமது மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன் உண்மையாகவே தள்ளுபடியான சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அதை ஆழமாகப் பார்ப்பது பயன் தரும்.

2018 இல் அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர, வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனை அரசு பொறுப்பேற்கும் என அறிவித்தார். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய எட்டும் அவற்றுள் அடங்கும். பெண்கள் வீதிக்கு இறங்கியதும், கடன் தொல்லையால் நேர்ந்த தற்கொலைகள் பேசப்பட்டதும் இதற்கு முன்னோடியாக இருந்தன. அதே ஆண்டு டிசெம்பரில் மத்திய வங்கி, தன்னிடம் அனுமதிப்பத்திரம் பெற்ற நிதி நிறுவனங்கள் நுண்கடனுக்கு ஆண்டுக்கு 35 சதவீதத்துக்கு மேல் வட்டி அறவிடலாகாது என எல்லை வைத்தது.

தள்ளுபடிக்கான நிபந்தனைகளைக் கவனியுங்கள். கடன் பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும். பெற்ற தொகை ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படக் கூடாது. 2018 ஜூன் 30 ஆம் திகதியன்று மூன்று மாதம் அல்லது அதற்கு மேலாகத் தவணை கட்டப்படாமல் இருந்திருக்க வேண்டும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். காதுத்தோட்டை விற்று ஒரு தவணையும் தவறாமல் கட்டிய தாய்க்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு கடனைக் கட்ட மற்றொன்று எடுத்தவளின் கணக்கு, ஏட்டில் ஒழுங்காகக் கட்டப்பட்டதாகவே தெரிந்தது; அவளும் வெளியே நின்றாள். ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் எடுத்தவள் வெளியே. கணவனின் பெயரில் எடுத்த கடனும் வெளியே. மிகவும் நொந்தவர்களில் பலர் பட்டியலில் இல்லை. 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் பெண்கள் மீண்டும் சத்தியாக்கிரகம் இருந்தமை, பிரச்சினை தீரவில்லை என்பதையே காட்டியது.

அப்படியானால் கட்டாமல் விட்டால் ஒருநாள் தள்ளுபடி வரும் என்று எண்ணலாமா? கூடாது. அடுத்த தள்ளுபடி வருமா, எந்தத் திகதியை எல்லையாக வைக்கும் என்று எவருக்கும் தெரியாது. அதற்கிடையில் வட்டி வளரும். கொடுகடன் தகவல் பணியகத்தில் பெயர் பதியப்பட்டால் நாளை பயிர்ச்செய்கைக் கடனும் கிடைப்பது கடினம். நாம் எடுக்க வேண்டிய பாடம் வேறு. தள்ளுபடி கண்ணீரைப் பார்த்து வருவதில்லை, ஏட்டைப் பார்த்தே வருகிறது. கட்ட முடியாத நிலையைப் புதிய கடனால் மூடி மறைத்தால் ஏடு உங்களை வசதியுள்ளவராகவே காட்டும். கட்ட முடியாத நாளிலேயே அதை எழுத்தில் அறிவித்தவர், நிலைமையை ஏட்டில் பதிந்துவிடுகிறார்.

என்ன கேட்பது?

தள்ளுபடி என்ற ஒரு சொல்லுக்குள் பல நிலைகள் உண்டு. முதலும் வட்டியும் முழுதாக விடப்படுவது ஒன்று. தண்டவட்டியை மட்டும் விட்டு முதலைக் கட்டச் சொல்வது இன்னொன்று. ஒரு தொகையை ஒரே தடவையில் வாங்கிக்கொண்டு மீதியை விடுவது மூன்றாவது. தவணையைச் சிறிதாக்கி, கிழமைத் தவணையைப் போகத் தவணையாக மாற்றுவது நான்காவது. முதலாவது அரிதாகவே கிடைக்கும். மற்ற மூன்றும் கேட்டால் கிடைக்கக்கூடியவை. முழுத் தள்ளுபடியை மட்டும் கேட்டு வெறுங்கையோடு திரும்புவதைவிட, நான்கையும் வரிசையாகக் கேட்பது புத்தி.

போகுமுன் திரட்ட வேண்டியவை:

- கடன் ஒப்பந்தம், தவணைக் கொப்பி, எல்லாப் பற்றுச்சீட்டுகளும்
- வீட்டுத்திட்ட ஒப்பந்தமும் தவணைகள் வந்த வங்கிப் புத்தகமும்
- கிராம அலுவலர் வழங்கி, பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட வருமானச் சான்று
- அஸ்வெசும கொடுப்பனவு பெறுபவரானால் அதற்கான அத்தாட்சி
- பயிர் அழிந்திருந்தால் கமநல சேவை நிலையத்தின் பதிவு. நோயாளி இருந்தால் கிளினிக் கொப்பி
- ஒரு மாத வரவும் செலவும் எழுதிய ஒரு பக்கத் தாள்

கடைசித் தாள் மிக முக்கியமானது. அரிசி, பிள்ளைகளின் பள்ளிச் செலவு, மருந்து, போக்குவரத்து என்று எழுதி மீதியைக் காட்டுங்கள். மீதி 2,000 ரூபாவானால், "மாதம் 2,000 கட்ட முடியும்" என்று கேட்பதற்கு அதுவே ஆதாரம். வெட்கத்தால் வருமானத்தைக் கூட்டியும் எழுத வேண்டாம், இரக்கம் தேடிக் குறைத்தும் எழுத வேண்டாம். ஒரு பொய் பிடிபட்டால் மற்ற ஒன்பது உண்மையும் நம்பப்படாது.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. இப்படி எழுதலாம்:

"முகாமையாளர் அவர்களுக்கு,
எனது கடன் இலக்கம் ........ வீட்டுத்திட்ட வீட்டை முடிப்பதற்காக ........ ஆம் திகதி ரூபா ........ பெற்றேன். இதுவரை ரூபா ........ கட்டியுள்ளேன், பற்றுச்சீட்டுகளின் பிரதிகளை இணைத்துள்ளேன். எனது குடும்பத்தின் மாத வருமானம் ரூபா ........ இதில் உணவு, மருந்து, பள்ளிச் செலவு போக மிஞ்சுவது ரூபா ........ ஆகவே, (1) முதலில் எவ்வளவு, வட்டியில் எவ்வளவு, தண்டவட்டியில் எவ்வளவு மீதி உள்ளது என்று எழுத்தில் தரும்படியும், (2) தண்டவட்டியையும் மீதி வட்டியையும் தள்ளுபடி செய்யும்படியும், (3) முதலை மாதம் ரூபா ........ வீதம் கட்ட அனுமதிக்கும்படியும், (4) எனது நிலைமையைக் கருதி முழுக் கடனையும் விட்டுக்கொடுக்க முடியுமா எனப் பரிசீலிக்கும்படியும் வேண்டுகிறேன். பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்."

இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் திகதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

கவனிக்க வேண்டிய பொறிகள்

"பழைய கடனை மூடிப் புதுக்கடன் தருகிறோம்" என்பது தள்ளுபடி அல்ல. பழைய வட்டியும் புது முதலாகி விடும்; அதற்கும் வட்டி ஓடும்.

வெற்றுத் தாளிலோ எழுதாத காசோலையிலோ ஒப்பமிடாதீர்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ள பத்திரத்தில், தெரிந்த ஒருவர் வாசித்துச் சொல்லும்வரை கை வைக்காதீர்கள்.

குழுக் கடனில் பிணை நின்ற அயலவரை மறக்க வேண்டாம். உங்கள் கடன் குறைக்கப்பட்டால், பிணையாளரும் விடுவிக்கப்பட்டதாக அதே கடிதத்தில் எழுதுவிக்க வேண்டும். இல்லாவிடில் உங்கள் படலையை விட்ட சுமை அவர்கள் படலையில் நிற்கும்.

இரவில் வந்து வாசலில் இருப்பது, கெட்ட வார்த்தை பேசுவது, பிள்ளைகளுக்கு முன் அவமானப்படுத்துவது எந்த ஒப்பந்தத்திலும் தரப்பட்ட உரிமை அல்ல. நாள், நேரம், சொன்ன வார்த்தை, சாட்சி ஆகியவற்றை எழுதி வைத்து, பொலிசிலும் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்திலும் முறையிடுங்கள்.

காலாவதி பற்றியும் ஒரு வார்த்தை. 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, கடைக் கணக்குக்கு ஒரு ஆண்டும், எழுதாத வாக்குக் கடனுக்கு மூன்று ஆண்டும், எழுதி ஒப்பமிட்ட கடனுக்கு ஆறு ஆண்டும் வழக்குத் தொடர எல்லை உண்டு. இடையில் ஒரு பகுதியைக் கட்டினாலோ எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ காலம் புதிதாகத் தொடங்கலாம். ஊர்க் கடைக்காரரை ஏமாற்றுவதற்காக இதை நாம் சொல்லவில்லை. பழைய தாள் ஒன்றைக் காட்டி மிரட்டுபவருக்கு முன் பயந்து புதுத் தாளில் ஒப்பமிடாமல் இருப்பதற்காகவே சொல்கிறோம். இத்தகைய தாள் வந்தால், கடிதத்துக்குப் பதில் எழுதுமுன்பே சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட அலுவலகத்துக்குச் செல்லுங்கள். வருமானம் குறைந்தோருக்கு அங்கே சட்டத்தரணியின் உதவி இலவசமாகக் கிடைக்கும். நீதிமன்ற அழைப்பாணை வந்தால் ஒருபோதும் போகாமல் விடாதீர்கள். போகாதவருக்கு எதிராகத் தீர்ப்பு வழங்கப்படலாம்.

தனியாக அல்ல, ஊராக

கடன் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக வந்தது. வெட்கமும் தனித்தனியாகவே உட்கார்ந்திருக்கிறது. "என் வீட்டில் மட்டுந்தான் இப்படி" என்று ஒவ்வொருவரும் நினைக்கும்வரை எவரது கடிதமும் ஒரு தனிக் கடிதமே. ஒரே கிராமத்தின் 40 வீடுகள், தத்தம் வீட்டுத்திட்ட ஆண்டு, பெற்ற மானியம், நின்றுபோன தவணை, கடைப் பாக்கி, நுண்கடன் என்று ஒரே படிவத்தில் எழுதி, கிராம அபிவிருத்திச் சங்கம் அதைப் பிரதேச செயலாளரிடம் கையளித்தால், அது ஒரு பிரதேசத்தின் கணக்காகிவிடும். 2018 இன் தள்ளுபடியும் பெண்கள் ஊர் ஊராகப் பேசத் தொடங்கிய பின்னரே வந்தது. நாளை ஏதேனும் நிவாரணம் அறிவிக்கப்பட்டு ஒரு மாதத்துக்குள் விபரம் கேட்கப்பட்டால், தயாராகப் பட்டியல் வைத்திருக்கும் ஊருக்கே அது முதலில் பயன்படும். கணவன் பெயரிலுள்ள கடன், எல்லைத் தொகைக்குச் சற்று மேற்பட்ட கடன், கடனால் கடனை அடைத்த குடும்பம் ஆகியோரை விட்டுவிடாத நிபந்தனைகள் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கவும் அப்பட்டியலே ஆதாரமாகும்.

கலந்துரையாடலுக்கு

1. எமது கிராமத்தில் வீட்டுத்திட்டத் தவணை நின்றுபோன வீடுகள் எத்தனை? அவர்களிடம் ஒப்பந்தப் பிரதி உண்டா?
2. உங்கள் கடன்களைத் தனித்தனியே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் விட்டுக்கொடுக்கக்கூடியவர் யார்?
3. மீட்கும் நிபந்தனையோடு எழுதப்பட்ட காணி உறுதி எவரிடமாவது உண்டா? தவணை எந்தத் திகதியில் முடிகிறது?
4. கிழமைத் தவணைக்குப் பதிலாகப் போகத் தவணை கேட்டு, எந்த நிறுவனத்துக்கு முதலில் சேர்ந்து எழுதலாம்?

மூன்றாம் கேள்விக்கு "ஆம்" என்று சொல்பவர் இருந்தால், மற்றக் கேள்விகளை அடுத்த கூட்டத்துக்கு விட்டுவிட்டு, அந்தக் குடும்பத்தின் விண்ணப்பத்தை அன்றே எழுதத் தொடங்குங்கள்.